கறுப்புப் பூனைக்கும் முகம் உண்டு: தத்துப் படம் எடுக்கும் சிங்கப்பூர்த் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தன்னார்வலர்களே,

வேலை முடிந்த கையோடு சுங்கை தெங்கா காப்பகங்களுக்குப் போய்க் கூண்டு கழுவுகிறீர்கள். புளோக்கின் கீழே திரியும் பூனைகளுக்கு உணவு வைக்கிறீர்கள். அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்விக்கிறீர்கள். தாயில்லாக் குட்டிகளை வீட்டில் வைத்துத் தேற்றுகிறீர்கள். எல்லாம் முடிந்தபின் கைப்பேசியில் ஒரு படம் பிடித்து, வீடு தேடுகிறது என்று இரண்டு வரி எழுதி ஊருக்கு அனுப்புகிறீர்கள். மாதக் கணக்கான உங்கள் உழைப்பு முழுவதும் அந்த ஒரு படத்தின் வழியாகத்தான் வெளியுலகுக்குப் போகிறது. ஆனால் அப்படி வரும் படங்களில் பல, இரவு ட்யூப் லைட்டின் கீழ் அவசரமாக எடுத்தவை. கறுப்புப் பூனை என்றால் சோபாவின் மேல் ஒரு கரிய திட்டு, அதில் பச்சையாக எரியும் இரண்டு புள்ளிகள். அதற்கு முகம் இருப்பதே தெரிவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க விளக்கும் வேண்டாம், புதுக் கேமராவும் வேண்டாம். வீட்டில் கிடக்கும் வெள்ளைத் துணியும் ஓர் அட்டையும் போதும் என்பதைக் காரணத்தோடு சொல்லவே இந்த மடல்.

இதை இப்போது வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அது நீங்கியது. உரிமம் பெற்று, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். சிங்கப்பூர்வாசிகளில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீட்டில் வாழ்பவர்கள் என்பதால், இதுவரை ஒளித்து வளர்த்தவர்களோடு புதிதாக ஆசைப்படும் குடும்பங்களும் உங்கள் பட்டியலைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று நாம் செல்லமாக அழைக்கும் நாட்டு நாய்களுக்கு, 2012ல் வந்த அடோர் திட்டம் முன்பே வீவக வாசலைத் திறந்துவிட்டது. இரண்டுக்கு மேல் பூனை கூடாது, நாய் என்றால் ஒன்றுதான் என்ற வரம்பு இருப்பதால், குடும்பங்கள் நிதானமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வு காப்பகத்தில் தொடங்குவதில்லை. எம்ஆர்டியில் நின்றுகொண்டே கைப்பேசியில் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போதே தொடங்கிவிடுகிறது. முகம் தெரியாத விலங்கை நேரில் வந்து பார்க்கலாம் என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை.

படத்தின் தரத்துக்கும் தத்துப் போகும் வேகத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று கேட்கலாம். விலங்குநல ஆய்விதழ் ஒன்றில் 2015ல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. அமெரிக்காவின் பெட்ஃபைண்டர் தளத்தில் லாப்ரடார் கலப்பு என்று விளம்பரப்படுத்தப்பட்டுத் தத்துப் போன 468 நாய்களின் படங்களை ஆய்வாளர் இருவர் எடுத்துக்கொண்டு, படத்தின் தன்மையையும் நாய் காத்திருந்த நாட்களையும் ஒப்பிட்டனர். தரமான படம் உள்ள நாய்கள் விரைவாக வீடு சேர்ந்திருந்தன. நாய் கேமராவை நேராகப் பார்ப்பதும், வெளியே எடுத்த படமாக இருப்பதும் துணை செய்திருந்தன. இந்த ஆய்வை அதன் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. நல்ல படம் எடுக்கும் காப்பகம் மற்ற வேலைகளையும் நன்றாகச் செய்யக்கூடும். அந்த வேகம் முழுவதும் படத்தால் வந்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நாய்களுக்குக் கண்டது பூனைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் சான்று காட்டும் திசை தெளிவாக இருக்கிறது, அந்தத் திசையில் போக நமக்கு ஆகும் செலவோ ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முயலாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

கறுப்பு விலங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு நாயும் கறுப்புப் பூனையும் கடைசியில்தான் வீடு சேரும் என்பது உலகெங்கும் காப்பகங்களில் பேசப்படும் நம்பிக்கை. ஆய்வுகள் இதில் ஒருமுகமாக இல்லை. சில அதை ஆதரிக்கின்றன, சில நிறத்தால் வேறுபாடு இல்லை என்கின்றன. மக்களின் மனத்தில் வெறுப்பு இருக்கிறதா என்ற வழக்கு எப்படித் தீர்ந்தாலும், கேமராவிடம் ஒரு கோளாறு இருப்பது உறுதி. கைப்பேசிக் கேமரா தன் முன்னால் உள்ளதை எல்லாம் சராசரிச் சாம்பல் நிறமாக எண்ணி அளக்கிறது. வெள்ளைச் சுவர் முன்னால் கறுப்புப் பூனையை நிறுத்தினால், சுவரின் வெளுப்பைக் குறைக்கப் பார்த்துப் பூனையை இருட்டில் தள்ளிவிடும். கறுப்பு நாயின் முகத்தை நெருங்கி எடுத்தால், படத்தை அளவுக்கு மீறி வெளுப்பாக்கி ரோமத்தைச் சாயம் போன துணியாக்கிவிடும். வெள்ளைப் பூனை கட்டம் முழுக்க நிறைந்தால் அழுக்குச் சாம்பலாகிவிடும். கறுப்பு ரோமம் தன்மேல் விழும் ஒளியில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதன் வடிவத்தைக் காட்டுவதே அந்தச் சிறு பங்குதான். ஆகவே அதன்மேல் விழும் ஒளி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு அகலமான பரப்பிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் ஊர் இதற்கு வாய்த்த ஊர். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டி எழுந்து ஏழு மணியை ஒட்டி விழுகிறது. நண்பகல் ஒரு மணிவாக்கில் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் திறந்த வெளியில் எடுத்தால் விலங்கின் முதுகு வெளுத்து, கண்குழி இருண்டு போகும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் ஒளி சரிந்து வரும். மழை மேகம் மூடிய நாள் அதைவிட நல்லது. வானம் முழுவதுமே ஒளி தரும் பரப்பாகிவிடும். நடுப்பகலில்தான் எடுக்க முடியும் என்றால், தலைக்கு மேல் கூரையும் ஒரு பக்கம் திறந்த வெளியும் உள்ள இடமாகப் பாருங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்களை ஒட்டிய வெளி விளிம்பு அப்படிப்பட்டது. வீட்டு வாசல் தாழ்வாரமும் அப்படியே. லிட்டில் இந்தியாவில் உணவு வைப்பவர்களுக்கு இன்னும் வசதி. 1822ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று விதித்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கக் கட்டிய அந்த ஐந்தடி நடைபாதை, உச்சி வெயிலைத் தடுத்துத் தெருப்பக்கத்து ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. பூனை தெருவைப் பார்த்து அமர்ந்திருக்கும்போது நீங்கள் பக்கவாட்டிலிருந்து எடுத்தால், முகத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பதியும்.

வீட்டுக்குள் எடுப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது ட்யூப் லைட்டை அணைப்பது. இருட்டாக இருக்கிறது என்று விளக்குப் போடப் போய்ச் சன்னலின் நீலஒளியும் விளக்கின் மஞ்சளோ பச்சையோ கலந்து, ரோமத்தின் உண்மை நிறம் கெட்டுவிடுகிறது. ட்யூப் லைட் மட்டும் எரியும் கூடத்தில் 100, 200 லக்ஸ் ஒளி இருந்தால் அதிகம். பகலில் சன்னலோரம் அது 1000ஐ எளிதில் தாண்டும். ஒளி கூடினால் கேமரா வேகமாகப் படம் பிடிக்கும். குட்டி தலையைத் திருப்பினாலும் கலங்காது. சன்னல் வழியே நேர் வெயில் விழுந்தால், வெள்ளை வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டிவிடுங்கள். நான்கு முழ வேட்டி ஒற்றையாகத் தொங்கினால் போதும். வெயிலின் கூர்மை போய், சன்னல் முழுவதும் ஒரே சீரான ஒளித்திரையாக மாறும். வீவக வீட்டுக் கம்பி கிராதியின் நிழல் விலங்கின் மேல் வரிவரியாக விழுவதையும் அது மறைத்துவிடும். வேட்டி இல்லாத வீட்டில் வெள்ளைப் படுக்கை விரிப்போ, குளியலறைத் திரையோ அதே வேலையைச் செய்யும். ஒன்றை மட்டும் எந்நாளும் செய்யாதீர்கள்: ஒளிக்காகச் சன்னல் வலையைக் கழற்றாதீர்கள். பத்தாவது மாடிச் சன்னலில் பூனை விழுவதற்கு ஒரு நொடி போதும். வலை தடுக்கும் ஒளி மிகக் குறைவு.

சன்னல் பக்கம் ஒளி வந்தாயிற்று. மறுபக்கம் இருண்டு கிடக்கும். அந்த இருட்டைப் போக்குவதுதான் வெள்ளை அட்டையின் வேலை. தேக்கா சந்தையில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியின் மூடியைக் கேட்டு வாங்கி, நாற்றம் போக நன்றாகக் கழுவிக் காயவைத்தால், அதைவிட நல்ல கருவி கடையில் கிடைக்காது. இது ஏழைக்கேற்ற உபாயம் என்று எண்ண வேண்டாம். திரைப்படக் கலையின் உச்சத்தில் இருந்தவர்கள் கைக்கொண்ட வழி. 1956ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக, காசி வீடு ஒன்றின் முற்றம் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் அமைக்கப்பட்டது. திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத ஒளியை ஸ்டூடியோ விளக்குகளால் தர முடியவில்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, அமைப்பின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம் பிடித்தார். இன்றும் தமிழ்ப் படப்பிடிப்புகளில் நடிகரின் முகத்தருகே தெர்மாகோல் பலகையைப் பிடித்தபடி ஒருவர் நிற்பதைப் பார்க்கலாம். வெள்ளைப் பரப்பு ஒளியைச் சிதறடித்து மென்மையாகத் திருப்பி அனுப்புகிறது என்ற ஒரே விதிதான் அங்கேயும் இங்கேயும் வேலை செய்கிறது.

வேறு பொருட்களையும் இந்த விதியை வைத்தே எடைபோடலாம். அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி, மறுபடி விரித்து அட்டையில் ஒட்டினால், வெள்ளை அட்டையைவிடச் சற்று வலுவான ஒளி தரும்; கசக்காமல் ஒட்டினால் கண்ணாடிபோல் ஒரே இடத்தில் பாய்ந்து கண்ணைக் கூசவைக்கும். பளபளவென்று துலக்கிய எவர்சில்வர் தாம்பாளத்துக்கும் அதே குற்றம் உண்டு. கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளித் திரை பெரிய நாய்களுக்கு உகந்தது; எடை இல்லை, மடித்து வைக்கலாம். வெள்ளைப் பூனைக்கு மாறான உத்தி தேவைப்படும். அதற்கு எல்லாப் பக்கமும் ஒளி அடித்தால் உருவமே கரைந்துபோகும். சன்னலுக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் துணியோ கருநீலத் துண்டோ வைத்தால் முகத்தின் வடிவம் எழும். சுற்றியுள்ள நிறங்களையும் கவனியுங்கள். கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா இல்லத்தின் வண்ணச் சுவர்கள் படத்துக்குப் பின்னணியாக அழகுதான். ஆனால் அப்படிப்பட்ட சுவரை ஒட்டி வெள்ளைப் பூனையை உட்காரவைத்தால் சுவரின் சிவப்பும் பச்சையும் அதன் விலாவில் ஏறிவிடும். சில அடி தள்ளி எடுத்தால் பின்னணியும் கிடைக்கும், நிறமும் கெடாது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். மூவறை வீடு, காலை ஒன்பது மணி, கறுப்புப் பூனை. சன்னலிலிருந்து இரண்டடி தள்ளி நாற்காலி. அதன்மேல் சாம்பல் அல்லது மங்கிய பழுப்பு நிறத் துண்டு. வெள்ளைத் துண்டு போட்டால் கேமரா ஏமாறும், கறுப்புத் துண்டில் பூனை மறையும். சன்னல் பூனைக்குப் பக்கவாட்டில், அதன் தோளுக்குச் சற்றே பின்னால் இருக்கட்டும்; அப்போது ரோமத்தின் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு ஓடி, காதும் கழுத்தும் பின்னணியிலிருந்து பிரியும். எதிர்ப்பக்கம், முகத்துக்கு ஓரடி தொலைவில் தெர்மாகோல் மூடியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வையுங்கள். கேமராவைப் பூனையின் கண் மட்டத்துக்கு இறக்கி, திரையில் அதன் முகத்தைத் தொடுங்கள்; அருகே தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ, கறுப்பு கறுப்பாகவும் ரோமம் ரோமமாகவும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். நல்ல ஒளியில் பூனையின் பாவை சுருங்கி, பொன்னிறமோ இளம்பச்சையோ கண்ணின் நிறம் வெளிப்படும். இருட்டறையில் பாவை விரிந்து கண் முழுவதும் கறுப்பாகிவிடும். சன்னலின் பிம்பம் கண்ணில் சிறு வெள்ளைப் புள்ளியாக விழும்போது, பூனை நம்மைப் பார்ப்பது தெரியும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பூனை, நாய் இரண்டுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய ஒளியில் பார்க்க அது உதவுகிறது. ஃபிளாஷ் அடித்தால் அதே படலம்தான் கண்ணைப் பச்சை நெருப்பாக்குகிறது. பயந்த விலங்கு அந்த மின்னலுக்குப் பின் கேமராவைக் கண்டாலே ஓடும்.

இனி மறுப்புகள். இன்றைய கைப்பேசி தானாகவே இருட்டை வெளிச்சமாக்குகிறதே என்பார்கள். இரவு முறையில் கேமரா பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத மேசைக்கு அது சரி, வால் ஆட்டும் நாய்க்கு ஆகாது. பிறகு வடிகட்டிகளால் வெளுப்பாக்கினால், பதியாத ரோமம் எங்கிருந்து வரும்? மென்பொருள் அந்த இடத்தை ஊகித்து நிரப்பும். தத்தெடுப்பவர் பார்க்க வேண்டியது ஊகத்தை அல்ல.

இரண்டாவது மறுப்பு கனமானது. அழகாக்கிக் காட்டுவது ஏமாற்று வேலை, அழகைப் பார்த்து எடுத்துப் போகிறவர் திருப்பிக் கொண்டுவந்து விடுவார் என்பது. கவலை நியாயமானது. ஆனால் நல்ல ஒளி எதையும் மறைப்பதில்லை, இருட்டுத்தான் மறைக்கிறது. கண்ணில் படர்ந்த வெண்படலம், மூக்கின் பழைய தழும்பு, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக நுனி வெட்டிய இடது காது எல்லாம் சன்னலோர ஒளியில்தான் தெளிவாகத் தெரியும். ரோமம் உதிர்ந்த இடத்தை மறைக்காதீர்கள். முதுமையில் நரைத்த மோவாயை வடிகட்டியால் கறுப்பாக்காதீர்கள். மூன்றுகால் நாயை மூன்றுகாலோடு காட்டுங்கள். உண்மையை முழுவதும் பார்த்துவிட்டு வருகிறவர் வாசலில் அதிர்ச்சி அடைய மாட்டார். அப்படிப்பட்டவரிடம்தான் விலங்கு நிலைக்கும்.

மூன்றாவது, ஏற்கெனவே மிரண்டிருக்கும் விலங்கை இன்னும் மிரட்டுவதாகாதா என்பது. அவசரப்பட்டால் ஆகும். அலுமினியத் தாள் சரசரக்கும், பெரிய வெள்ளித் திரை பளீரென்று விரியும். இரண்டும் சில விலங்குகளுக்கு ஆகாது. அட்டையையும் துணியையும் முன்கூட்டியே அறையில் வைத்து, மோந்து பார்க்க விடுங்கள். தெர்மாகோலைக் கடித்து விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காது பின்னால் மடிந்தாலோ, உடல் தாழ்ந்தாலோ அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். படத்துக்காக எந்த விலங்கையும் பிடித்து அமுக்கக் கூடாது. ஃபிளாஷுக்கும் கூண்டுக்குள் நீட்டும் கைக்கும் பதிலாக, வெளிச்சமான இடத்தில் அது தானாக வந்து அமரும்வரை காத்திருப்பது விலங்குக்கும் இதமான முறை.

நான்காவது, நேரமில்லை என்பது. இதைத்தான் மிகுந்த மரியாதையோடு எதிர்கொள்கிறேன். உங்களில் பலர் காப்பகத்துக்கு வருவதே இருட்டிய பிறகு. அவர்களுக்கு ஒரு வழி: மேசை விளக்கை விலங்கின் மேல் திருப்பாமல், வெள்ளைச் சுவரின் மேல் திருப்புங்கள், சுவரே பெரிய விளக்காகிவிடும். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். சூடாகும் பல்பின் மேல் மட்டும் துணியோ தாளோ போடக் கூடாது, தீப்பிடிக்கும். பகலில் வருகிறவர்கள், தகரக் கூரையின் கீழ்க் கூண்டுக்குள் எடுப்பதைவிட, நாயை நடக்க அழைத்துப் போகும்போது கூரையின் விளிம்பில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நாய் எப்படியும் நடக்கப் போகிறது. அந்த நடையோடு படமும் முடிந்துவிடும். ஒரு விலங்கு காப்பகத்தில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் நீங்கள் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால் இந்த ஐந்து நிமிடம் சுமை ஆகாது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு காப்பகத்திலும், குட்டிகளைத் தேற்றும் ஒவ்வொரு வீட்டிலும், ஒரு வெள்ளை அட்டையும் ஒரு வெள்ளைத் துணியும் ஒரு சாம்பல் துண்டும் ஒரே பையில் எப்போதும் இருக்கட்டும். புதிதாக வரும் தன்னார்வலருக்குக் கூண்டு கழுவக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில், ஃபிளாஷை அணைத்துச் சன்னல் பக்கம் திரும்பவும் கற்றுக்கொடுங்கள். மூன்றாவதாக, உங்கள் பட்டியலில் யாரும் கேட்காமல் நெடுநாளாகக் கிடக்கும் பெயர்களை எடுங்கள். அவற்றில் கறுப்பு, கருவரி, வயதானவை எவை என்று பாருங்கள். வருகிற சனிக்கிழமை காலையில் புதுக் குட்டிகளை விட்டுவிட்டு, நெடுநாளாகக் காத்திருக்கும் இவற்றின் படங்களை முதலில் மாற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் ஒரு வாசகர்